நகல் இருந்தும் பழுதாகும் குடும்பப் படங்கள்

தாத்தாவின் சதாபிஷேகம் 2014-இல் நடந்தது. அவர் மறைந்த பிறகு, அன்று எடுத்த படங்களில் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டுக் கூடத்தில் மாட்டலாம் என்று தேடினோம். கலச நீர் தலையில் விழும் நொடியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு தாத்தாவும் பாட்டியும் பலகையில் உட்கார்ந்திருக்கும் படம் அது. கோப்புறையில் சிறிய உருவில் பார்த்தபோது முழுமையாகவே தெரிந்தது. திறந்தால், பந்தல் துணியும் கலசத்தைத் தூக்கிப் பிடித்த கைகளும் தாத்தாவின் நெற்றியும் தெளிவாக இருந்தன. அவர் மூக்குக்குக் கீழே படம் வலப்பக்கமாக நகர்ந்து, பாட்டியின் அரக்குப் புடவை பச்சையாகி, அதற்கும் கீழே வெறும் சாம்பல் நிறப் பட்டையாக முடிந்திருந்தது. அதே கோப்பு வேறு இரண்டு ஹார்டு டிஸ்குகளிலும் இருந்ததால் நாங்கள் பதறவில்லை. அவற்றையும் திறந்தபோதுதான் நிலைமை புரிந்தது: மூன்றிலும் அதே இடத்தில் அதே சாம்பல் பட்டை. முதல் டிஸ்கில் எப்போதோ பழுதாகிவிட்ட கோப்பைத்தான் ஒவ்வொரு முறையும் அக்கறையோடு நகலெடுத்து வைத்திருக்கிறோம். முழுமையாக எஞ்சியது, அன்றே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த, அளவு சுருங்கிய பிரதி ஒன்றுதான்.

வீட்டில் படங்களைச் சேர்த்து வைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு ஆபத்துக்கு எதிராகத்தான் தயாராகிறார்கள்: டிஸ்க் ஒருநாள் ஓடாமல் போய்விடும் என்பது அது. அந்த ஆபத்து உண்மையானது. ஆனால் அது நடந்தால் உடனே தெரிந்துவிடும். நகல் இருந்தால் இழப்பும் இல்லை. இன்னொரு வகைப் பழுது இருக்கிறது. டிஸ்க் நன்றாகவே ஓடும், கோப்பின் பெயர், அளவு, தேதி எதுவும் மாறியிருக்காது, உள்ளே சில பைட்டுகள் மட்டும் வேறாகியிருக்கும், கணினி எந்த எச்சரிக்கையும் தராது. இந்த இரண்டாவது வகைக்கு எதிராக நகல்கள் மட்டும் போதாது. இரண்டு நகல்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் எது சரியானது என்று சொல்வதற்கு ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியைப் படம் நல்ல நிலையில் இருக்கும்போதே உருவாக்கி வைத்திருக்க வேண்டும்.

ஒரு சில பைட்டுகள் மாறினால் பாதிப் படம் போய்விடுவது ஏன் என்பதை அறிய, ஜேபெக் கோப்பு எழுதப்படும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1992-இல் தரப்படுத்தப்பட்ட இந்த முறை, படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் சராசரி வெளிச்சத்தையும் நிறத்தையும் முழு எண்ணாக எழுதாமல், முந்தைய கட்டத்தைவிட எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்ற வித்தியாசத்தை மட்டும் எழுதுகிறது. அந்த வித்தியாசங்களும் ஒரே நீளமுள்ள குறியீடுகளாக இருப்பதில்லை. அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறியீடு, அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடு என்று இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்து நெருக்கப்படுகின்றன. நடுவில் ஒரே ஒரு பிட் மாறினாலும் ஒரு குறியீடு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு தவறிவிடக்கூடும். கட்டங்கள் இடம் மாறும். நிறத்தில் ஏற்பட்ட பிழை அதற்குப் பின்வரும் கட்டங்கள் எல்லாவற்றுக்கும் கைமாறிக்கொண்டே போகும். பாட்டியின் புடவை பச்சையானது இப்படித்தான். அதற்கும் கீழே இருந்த சாம்பல் நிறம், குறியீட்டைப் படிக்கவே முடியாமல் நிரல் கைவிட்ட பகுதி. சிறிய உருவில் படம் முழுமையாகத் தெரிந்ததற்கும் இதில் விடை இருக்கிறது: கேமரா, கோப்பின் தலைப்பகுதியில் ஒரு குட்டிப் படத்தைத் தனியாகப் பதித்து வைக்கிறது. பெரிய படம் பழுதானாலும் அந்தக் குட்டிப் படம் நன்றாகவே இருக்கும். கோப்புறையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்புகிறவர்களை இது ஏமாற்றிவிடுகிறது.

வீடியோவில் பழுதின் விளைவு வேறு மாதிரி. நடுவில் ஏற்படும் பிழை, முழுதாகப் பதிவான அடுத்த தனிப்படம், அதாவது முழுச் சட்டகம், வரும் வரை படத்தைக் கலைத்துவிட்டுப் பிறகு சரியாகிவிடும். கல்யாண வீடியோவில் ஓரிரு விநாடி முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்து சேர்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஆனால் எம்பி4 கோப்பில், எந்தச் சட்டகம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் அட்டவணைப் பகுதி ஒன்று உண்டு. பழுது அங்கே விழுந்தால் ஒரு மணி நேரப் பதிவு முழுவதுமே திறக்காமல் போகலாம்.

இந்தப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன? காந்தத் தட்டில் எழுதியது காலப்போக்கில் அழிகிறது என்பதுதான் பொதுவான நம்பிக்கை. அது பாதி உண்மைதான் என்று நினைக்கிறேன். ஹார்டு டிஸ்க், தான் எழுதும் ஒவ்வொரு துண்டோடும் பிழைதிருத்தும் குறியீட்டையும் சேர்த்தே எழுதுகிறது. இன்றைய டிஸ்குகளில் அந்தத் துண்டின் அளவு 4,096 பைட். தட்டில் உள்ள காந்தப் பதிவு மங்கினால், சிறு பிழையை டிஸ்கே திருத்திக்கொள்ளும். திருத்த முடியாவிட்டால் படிக்க முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும். வீட்டு டிஸ்குகளின் விவரத்தாளில் 100 லட்சம் கோடி பிட், அதாவது சுமார் 12.5 டெராபைட் படித்தால் இப்படி ஒரு பிழை வரலாம் என்ற கணக்கு அச்சிடப்பட்டிருக்கும். அது சத்தம் போட்டு வரும் பிழை. சத்தமில்லாத பிழைகள் பெரும்பாலும் வழியில்தான் ஏற்படுகின்றன: நினைவகத்தில் ஒரு பிட் மாறுவது, வெளி டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும் யுஎஸ்பி மாற்றுச் சில்லு தடுமாறுவது, டிஸ்கின் உள்நிரல் எழுதியதாகச் சொல்லிவிட்டு எழுதாமல் விடுவது, அல்லது எழுத வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தில் எழுதுவது. தவறான தரவு டிஸ்குக்கு வந்து சேர்ந்தால், டிஸ்க் அந்தத் தவறுக்கே பிழைதிருத்தக் குறியீடு போட்டு, அதைப் பத்திரமாகக் காத்து வைத்திருக்கும்.

இவை ஏட்டளவில் சொல்லப்படும் ஆபத்துகள் அல்ல. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு மையம் 2007-இல் தன் சேமிப்பைச் சோதித்துப் பார்த்தது. மொத்தம் 8.7 டெராபைட் அளவுள்ள 33,700 கோப்புகளைப் முன்பு அவற்றின் பைட்டுகளிலிருந்து கணக்கிட்டு வைத்த சரிபார்ப்பு எண்களோடு ஒப்பிட்டதில் 22 கோப்புகள் பொருந்தவில்லை. ஏறக்குறைய 1,500 கோப்புக்கு ஒன்று. அடுத்த ஆண்டு விஸ்கான்சின், டொரோண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேமிப்புக் கருவிகள் விற்கும் நெட்ஆப் நிறுவனத்தோடு சேர்ந்து, 15.3 லட்சம் டிஸ்குகளின் 41 மாதப் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவற்றில் 4 லட்சத்துக்கும் அதிகமான பொருத்தமின்மைகள் இருந்தன, விலை குறைந்த ரக டிஸ்குகளில் இது உயர்ரக டிஸ்குகளைவிடப் பத்து மடங்கு அதிகம். கூகுள் தன் சர்வர்களின் நினைவகத்தைப் பற்றி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் அதிகமான நினைவகப் பட்டைகளில் பிழை தென்பட்டதாகத் தெரியவந்தது. பெரிய நிறுவனங்களின் விகிதம் வீட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களிடம் பிழைதிருத்தும் நினைவகமும் ஆட்களும் இருந்தார்கள். தேடினார்கள், அதனால் கண்டுபிடித்தார்கள். வீட்டில் தேடுவதில்லை.

விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ், பென் டிரைவ்களில் இருக்கும் எக்ஸ்ஃபேட், லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஆகிய, டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைகள் எவையும் கோப்பின் உள்ளடக்கத்துக்குச் சரிபார்ப்பு எண் வைப்பதில்லை. ஆப்பிள் 2017-இல் கொண்டுவந்த ஏபிஎஃப்எஸ், தன் சொந்தக் கணக்கேடுகளுக்கு மட்டும் வைக்கிறது. பயனரின் படங்களுக்கு வைப்பதில்லை. ஆகவே டிஸ்க் எதைக் கொடுத்தாலும் அதுதான் சரி என்று கணினி ஏற்றுக்கொள்கிறது.

இங்கே படங்களுக்கே உரிய ஒரு நல்ல குணம் கைகொடுக்கிறது. அலுவலகக் கணக்குக் கோப்பு நாள்தோறும் மாறும். குடும்பப் படம் ஒருமுறை எழுதப்பட்டால் பிறகு மாற வேண்டிய தேவையே இல்லை. எனவே மாற்றம் எதுவாக இருந்தாலும் அது பழுதுதான் என்று கொள்ளலாம். ஒரு கோப்பின் எல்லா பைட்டுகளையும் கணக்கிட்டு ஒரு கைரேகை போன்ற எண்ணைத் தரும் செக்சம் முறை (மேலே சொன்ன சரிபார்ப்பு எண் இதுதான்) இதற்கு மிகவும் பொருந்துகிறது. எஸ்எச்ஏ-256 என்ற முறையில் அந்தக் கைரேகை 64 எழுத்து நீளம் இருக்கும். 20 ஜிபி வீடியோவில் ஒரு பிட் மாறினாலும் 64 எழுத்தும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். பழைய எம்டி5 முறை திட்டமிட்ட ஏமாற்றுக்கு எதிராகப் பயனற்றது என்றாலும், தற்செயலான பழுதைக் கண்டுபிடிக்க இன்றும் போதுமானது. விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளையும், லினக்ஸிலும் மேக்கிலும் கூடவே வரும் கட்டளைகளும் இதைச் செய்கின்றன. ஓர் ஆண்டுக்கு ஒரு கோப்புறை என்று படங்களை அடுக்கி, அந்த ஆண்டு முடிந்ததும் எல்லாக் கோப்புகளின் கைரேகைகளையும் ஒரே பட்டியலாக எழுதி அதே கோப்புறையில் வைத்துவிட்டால், அந்தப் பட்டியல் படங்களோடு எல்லா நகல்களுக்கும் போய்ச் சேரும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சில பட மேலாண்மை நிரல்கள் பெயர்க்குறிப்பு, நட்சத்திர மதிப்பீடு, படத்தைத் திருப்பிய விவரம் ஆகியவற்றைக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடும். அப்போது கைரேகை மாறும். பழுதுக்கும் திருத்தத்துக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். குறிப்புகளைத் தனிக் கோப்பில் எழுதும்படி நிரலை அமைத்துக்கொள்வது நல்லது.

கைரேகையை எப்போது எடுப்பது என்பது இதில் முக்கியமான கேள்வி. பழுதான பிறகு எடுத்தால் சாட்சி பழுதுக்கே சாட்சியாகிவிடும். படங்கள் கேமராவின் மெமரி கார்டிலோ போனிலோ இருக்கும்போதே எடுப்பதுதான் சரி. கார்டிலிருந்து டிஸ்குக்கு நகலெடுத்த உடனே இரண்டையும் ஒப்பிட்டால், கணினி தன் நினைவகத்தில் இன்னும் வைத்திருக்கும் பிரதியையே படித்துக் காட்டி எல்லாம் சரி என்று சொல்லக்கூடும். டிஸ்கை முறையாகக் கழற்றி, மறுபடி மாட்டி, பிறகு சரிபார்த்தால்தான் உண்மையில் தட்டில் எழுதப்பட்டது எது என்று தெரியும். அதுவரை கார்டை அழிக்கக் கூடாது. மலிவு விலையில் 1 டெராபைட், 2 டெராபைட் என்று விற்கப்படும் போலி பென் டிரைவ்களும் கார்டுகளும் இந்த ஒரு சோதனையிலேயே அகப்பட்டுவிடும். அவை உண்மைக் கொள்ளளவு நிறைந்த பிறகு வருவதையெல்லாம் ஏற்றுக்கொண்டதாகக் காட்டிவிட்டு வீசியெறிகின்றன. எஃப்3 என்ற இலவச நிரல் இதைக் கண்டுபிடிப்பதற்காகவே எழுதப்பட்டது.

கைரேகையே இல்லாமல் பத்துப் பதினைந்து ஆண்டுப் படங்கள் ஏற்கெனவே குவிந்திருந்தால், இருக்கும் நகல்களை இப்போதே ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாறுபடும் கோப்புகளை மட்டும் திறந்து எது நல்லது என்று கண்ணால் முடிவு செய்யலாம். வீடியோக்களைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் நிரலைக் கொண்டு எல்லா வீடியோக்களையும் திரையில் காட்டாமலேயே முதலிலிருந்து கடைசி வரை படிக்க வைத்து, எங்கே பிழை வருகிறது என்று பட்டியல் எடுக்கலாம். இரவில் ஓட விட்டால் காலையில் முடிந்திருக்கும்.

அடிக்கடி எழும் ஒரு கேள்விக்கு இங்கே விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு டிஸ்குகளில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு அமைப்பு வாங்கிவிட்டோம், இனி கவலை இல்லையல்லவா என்று கேட்கிறார்கள். சாதாரண ரெய்டு 1 அமைப்பு, படிக்கும்போது ஏதாவது ஒரு டிஸ்கிலிருந்துதான் படிக்கிறது; இரண்டையும் ஒப்பிடுவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னாலும், இரண்டும் மாறுபட்டால் எது சரி என்று அதற்குத் தெரியாது. ஒன்றை எடுத்து மற்றதன் மேல் எழுதிவிடும். நல்ல பிரதி அழிந்து பழுதான பிரதி இரண்டாகும் வாய்ப்பும் அதில் இருக்கிறது. ரெய்டு என்பது ஒரு டிஸ்க் நின்றுபோனாலும் வேலை நிற்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. தவறுதலாக அழித்ததையும், பணம் பறிப்பதற்காகக் கோப்புகளைப் பூட்டும் ரேன்சம்வேர் பூட்டியதையும் அது இரண்டு டிஸ்கிலும் ஒருசேரச் செய்துவிடும்.

இந்தக் குறையைத் தீர்க்கவே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் போன்விக், மேத்யூ அஹ்ரென்ஸ் ஆகியோர் உருவாக்கிய இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை 2005-இல் வெளியானது. அது ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் செக்சம் கணக்கிட்டு, அதைத் துண்டோடு சேர்த்து வைக்காமல், அத்துண்டைச் சுட்டிக்காட்டும் மேல்நிலைத் துண்டில் வைக்கிறது. இந்தச் சிறு வேறுபாடுதான் அதன் பலம். செக்சமும் தரவும் ஒரே இடத்தில் இருந்தால், டிஸ்க் எழுதாமல் விட்ட இடத்தில் பழைய தரவும் பழைய செக்சமும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருக்கும். சாட்சி வேறு இடத்தில் இருந்தால் அந்தப் பொய் வெளிப்பட்டுவிடும். இரண்டு டிஸ்குகள் இருந்தால், பொருந்தாத பிரதியை விட்டுவிட்டுப் பொருந்தும் பிரதியைக் கொடுத்து, பழுதானதையும் அந்த இடத்திலேயே திருத்திவிடும். டிஸ்க் ஒன்றுதான் என்றால் பழுதைக் கண்டுபிடிக்கும், பொதுவாகத் திருத்த முடியாது. லினக்ஸில் கிறிஸ் மேசன் தொடங்கிய பிடிஆர்எஃப்எஸ் முறையும் இதே வழியில் செல்கிறது. வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து எல்லாரும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டியான நாஸ் வாங்குகிறவர்கள் இதைப் பெட்டியின் விலைப்பட்டியலில் பார்க்க முடியாது, அமைப்பில்தான் பார்க்க வேண்டும். ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருள் இசட்எஃப்எஸ்ஸைப் பயன்படுத்துகிறது. சினாலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளில் பிடிஆர்எஃப்எஸ் இருந்தாலும், பகிர்வுக் கோப்புறையை உருவாக்கும்போதே தரவுச் செக்சம் வேண்டும் என்ற பெட்டியில் டிக் செய்திருக்க வேண்டும்; விட்டுவிட்டால் பிறகு மாற்ற வழியில்லை, புதிய கோப்புறை உருவாக்கி எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். அதன் பிறகும், மாதம் ஒருமுறை எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் வேலையை அட்டவணையில் போட்டுவைக்க வேண்டும். யாரும் திறக்காத 2009-ஆம் ஆண்டுப் படம் ஸ்க்ரப் ஓடாதவரை சோதிக்கப்படுவதே இல்லை.

நாஸ் இல்லாத வீட்டுக்கும் திருத்தும் வழி ஒன்று உண்டு. இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் இருவரும் 1960-இல் வெளியிட்ட கணித முறைதான் சிடியில் கீறல் விழுந்தாலும் பாட்டு ஓடுவதற்குக் காரணம். அதே முறையில் இயங்கும் பார்2 கோப்புகளை ஒவ்வோர் ஆண்டுக் கோப்புறைக்கும் உருவாக்கி வைக்கலாம். 40 ஜிபி படங்களுக்கு 10 சதவீதம், அதாவது 4 ஜிபி மீட்புத் தரவு ஒதுக்கினால், அந்த அளவுக்குள் பழுது எங்கே விழுந்தாலும் மூலத்தை பைட் மாறாமல் திரும்பப் பெற முடியும். விண்டோஸில் மல்டிபார் என்ற நிரல் இதைச் செய்கிறது. மாறாத கோப்புகளுக்கு மட்டுமே இது வசதி. ஆனால் நம் படங்கள் மாறாதவைதானே.

நகலெடுக்கும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வழக்கமான பேக்கப் நிரல்கள் கோப்பின் அளவையும் தேதியையும் பார்த்துத்தான் மாறியதா என்று முடிவு செய்கின்றன. சத்தமில்லாமல் பழுதான கோப்பில் இரண்டுமே மாறியிருக்காது என்பதால், அதை அவை திரும்ப நகலெடுப்பதில்லை; பழைய டிஸ்கில் நல்ல பிரதி அப்படியே இருக்கும். சிக்கல், புது டிஸ்க் வாங்கும்போது வருகிறது. முதன்மை டிஸ்கிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக நகலெடுத்துவிட்டு, பழைய டிஸ்கை வேறு வேலைக்கு அழித்துவிடுகிறோம். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். பழைய டிஸ்கை அழிக்கும் முன் புதியதோடு பைட் பைட்டாக ஒப்பிட்டிருந்தால் அந்தப் படம் பிழைத்திருக்கும்.

எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு ஆகியவற்றை அலமாரியில் பல ஆண்டுகள் வைத்திருக்கும் இடமாகக் கருதக் கூடாது. அவை தரவை மின்னூட்டமாகப் பிடித்து வைக்கின்றன. அது மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் முடிந்த நிலையில் உள்ள வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தாங்க வேண்டும் என்பதே மின்னணுச் சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிர்ணயம். புதிய எஸ்எஸ்டி இதைவிட அதிகம் தாங்கும். ஆனால் வெப்பம் கூடக் கூடக் கசிவு வேகமாகும், நம் ஊரில் சித்திரை வைகாசியில் மூடிய அலமாரிக்குள் 30 டிகிரி என்பது நடக்காத காரியம். மின்வெட்டும் ஒரு காரணம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், கோப்பு முறையின் ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு, தன் கட்டமைப்பைக் காப்பாற்றிக்கொள்ளும், பாதி எழுதிய உங்கள் வீடியோவைக் காப்பாற்றாது. எக்ஸ்ஃபேட்டில் அந்த ஜர்னலும் கிடையாது. நாஸ் பெட்டிக்கு ஒரு சிறிய யுபிஎஸ் கட்டாயம் வேண்டும்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியைப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கினார். வேறு இடம் ஏன் என்று 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைவாசிகள் பலருக்குத் தெரிந்தது. தரைத்தளத்து அலமாரியில் ஆல்பமும் டிஸ்கும் அதன் நகலும் ஒரே தண்ணீரில் நனைந்தன. மேகச் சேமிப்பு ஒரு நல்ல வெளியிடம், அங்கே செக்சம் சோதனைகளும் நடக்கின்றன; ஆனால் படத்தைச் சுருக்காமல் மூல அளவிலேயே ஏற்றும்படி அமைத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். போனில் அழித்தால் அங்கேயும் அழியும் ஒத்திசைவை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் இப்போது நாஸில் ஒரு பிரதி, தனியாகக் கழற்றி வைக்கும் டிஸ்கில் ஒன்று, மதுரையில் அக்கா வீட்டில் ஒன்று. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு டிஸ்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, போன ஆண்டு கொடுத்ததை வாங்கிவந்து, கைரேகைப் பட்டியலோடு முழுவதையும் சரிபார்த்துவிட்டுத்தான் புதிய படங்களைச் சேர்க்கிறோம். சென்ற தை மாதம் கழற்றி வைக்கும் டிஸ்கைச் சோதித்தபோது ஒரே ஒரு கோப்பு பொருந்தவில்லை: அக்கா மகள் முதன்முதலாகத் தவழ்ந்த 40 விநாடி வீடியோ. போட்டுப் பார்த்தால் ஓடியது, பன்னிரண்டாவது விநாடியில் பாயின் ஓரம் மட்டும் ஒரு கணம் கலைந்து சேர்ந்தது. பட்டியல் இல்லாவிட்டால் யாரும் கவனித்திருக்க மாட்டோம். வேறொரு கணினியில் மாட்டிப் பார்த்தும் அதே பொருத்தமின்மை வந்தது. மதுரையிலிருந்து வந்த டிஸ்கில் இருந்த பிரதியின் 64 எழுத்தும் பட்டியலோடு பொருந்தின. அதை எடுத்து வைத்து, டிஸ்கைக் கழற்றி மாட்டி, மறுபடி ஒருமுறை சரிபார்த்தோம்.